இணைப்புகளும் தேடல் தரவரிசையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் பெயர்கள். ஒரு வலைப்பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் சுட்டியைத்தான் இங்கே இணைப்பு என்கிறேன். வெளித்தளம் ஒன்று உங்கள் பக்கத்துக்குத் தருவதை இத்தொழிலில் இருப்பவர்கள் பேக்லிங்க் என்பார்கள். உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மற்றொன்றுக்குப் போவது உள் இணைப்பு.

யாரோ ஒருவர் தன் பக்கத்தில் எனக்கு இணைப்பு கொடுத்தால் தேடுபொறி ஏன் அதைப் பொருட்படுத்த வேண்டும்?

இரண்டு காரணங்கள். முதலாவது, வழி தெரிய வேண்டும். தேடுபொறியின் கிராலர், அதாவது பக்கம் பக்கமாகப் போய்ப் படித்துக்கொண்டு வரும் நிரல், ஒரு பக்கத்தில் கண்ட சுட்டியைப் பிடித்துத்தான் பெரும்பாலும் அடுத்த பக்கத்துக்குப் போகிறது. எந்தச் சுட்டியும் வந்து சேராத பக்கம் அதன் கண்ணில் படுவதே அரிது.

தரவரிசையோடு சம்பந்தப்பட்டது இரண்டாவது காரணம். தொடக்க காலத் தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் உள்ள சொற்களைப் பார்த்தே வரிசைப்படுத்தின. அந்தச் சொற்களை எழுதுகிறவர் யார்? பக்கத்தின் சொந்தக்காரர். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூற்றுக்கணக்கான முறை எழுதிவைத்தவர்கள் மேலே வந்தார்கள். தன்னைப் பற்றித் தானே சொல்வது விளம்பரம், அடுத்தவர் சொல்வது சாட்சி. இணைப்பைச் சாட்சியாக எடுத்துக்கொண்டதும் ஏமாற்றுவது கடினமாகிவிட்டது. கொஞ்ச காலத்துக்காவது.

இந்த யோசனை இணையத்தில் பிறந்ததல்ல. எந்த ஆய்வுக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று அட்டவணை போடும் வேலையை யூஜின் கார்ஃபீல்டு 1960களில் பெரிய அளவில் செய்தார். மேற்கோள்களை எண்ணினால் மட்டும் போதாது, மேற்கோள் காட்டும் இதழுக்கு எவ்வளவு செல்வாக்கு என்பதையும் சேர்க்க வேண்டும் என்று பின்ஸ்கியும் நரினும் 1976-இல் எழுதினார்கள். வலைக்கு இதைப் பொருத்தியவர்களும் ஓரிருவர் அல்லர். பின்னாளில் பைடு என்ற சீனத் தேடுபொறியைத் தொடங்கிய ராபின் லி 1996-இல் ராங்க்டெக்ஸ் என்ற தேடுபொறியை உருவாக்கினார். நல்ல பக்கங்களைச் சுட்டுபவை ஒரு வகை, பலராலும் சுட்டப்படுபவை இன்னொரு வகை என்று பிரித்துக் கணக்கிடும் முறையை ஜான் கிளைன்பெர்க் முன்வைத்தார். ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் ‘பேக்ரப்’ என்ற பெயரில் செய்துகொண்டிருந்த வேலைதான் கூகுள் ஆனது.

பேஜ்ரேங்க் என்பது அந்தக் கணக்குதானா? எளிமையாகச் சொல்ல முடியுமா?

அதுதான். பேஜ் என்ற சொல் பக்கத்தையும் குறிக்கும், லாரி பேஜையும் குறிக்கும்.

ஒருவர் வலையில் இலக்கில்லாமல் சுற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருக்கும் பக்கத்தில் கண்ணில் பட்ட ஏதோ ஒரு சுட்டியை அழுத்துகிறார், அங்கிருந்து இன்னொன்று, அங்கிருந்து மற்றொன்று. அவ்வப்போது அலுத்துப்போய், சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு பக்கத்துக்குத் தாவிவிடுகிறார். இப்படி வெகுநேரம் சுற்றினால், எந்தப் பக்கத்தில் அவர் எவ்வளவு நேரம் இருந்திருப்பார்? அந்த விகிதம்தான் அப்பக்கத்தின் பேஜ்ரேங்க். பேஜும் பிரின்னும் 1998-இல் எழுதிய கட்டுரையில், சுட்டியைப் பின்தொடரும் வாய்ப்பு வழக்கமாக 0.85 என்று வைக்கப்பட்டது. மீதி 0.15 தாவலுக்கு. தாவல் இல்லாவிட்டால், ஒன்றையொன்று மட்டுமே சுட்டிக்கொள்ளும் இரண்டு பக்கங்களுக்குள் போனவர் வெளியே வரவே மாட்டார்.

மூன்றே பக்கங்கள் உள்ள ஒரு குட்டி வலையை எடுப்போம். ‘க’ என்ற பக்கம் ‘ச’, ‘ட’ இரண்டையும் சுட்டுகிறது. ‘ச’ பக்கம் ‘ட’வை மட்டும் சுட்டுகிறது. ‘ட’ திரும்ப ‘க’வைச் சுட்டுகிறது. 0.85 வைத்துக் கணக்குப் போட்டால் ‘ட’வுக்கு 39.7 சதவீதம், ‘க’வுக்கு 38.8, ‘ச’வுக்கு 21.5 வருகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ‘க’வும் ‘ச’வும். இரண்டுக்கும் வருவது ஒரே ஒரு இணைப்புதான். ஆனால் ‘க’வின் மதிப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஏனென்றால் ‘க’வைச் சுட்டுவது மூன்றில் வலுவான பக்கம், அதுவும் தன் வலுவை யாருக்கும் பங்கு போடாமல் ‘க’வுக்கே தருகிறது. ‘ச’வுக்கு வருவதோ ‘க’வின் பாதிப் பங்கு. இந்த மூன்று எண்களை மனதில் வைத்துக்கொண்டால், ஐந்நூறு இணைப்புகள் மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொல்லும்போது என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அன்று சுமார் 2.6 கோடி பக்கங்களுக்கான கணக்கை நடுத்தரமான ஒரு கணினியில் சில மணிநேரத்தில் முடித்துவிடலாம் என்று அந்தக் கட்டுரை சொன்னது. இன்று கூகுள் செய்வது இதைவிடப் பன்மடங்கு சிக்கலானது. ஆனாலும் அடிப்படை உள்ளுணர்வு மாறவில்லை.

முதல் பக்கத்தில் வர எத்தனை பேக்லிங்க் வேண்டும்?

அப்படி ஓர் எண் கிடையாது. யாராவது சொன்னால் அவர் எதையோ விற்கிறார்.

பக்கத்தின் எந்த இடத்தில் இணைப்பு இருக்கிறது என்பது முக்கியமா?

ஆம். மேலே சொன்ன ஊர்சுற்றி எல்லாச் சுட்டிகளையும் ஒரே வாய்ப்போடு அழுத்துவார் என்று பழைய கணக்கு எடுத்துக்கொண்டது. நிஜ மனிதர்கள் அப்படிச் செய்வதில்லை. 2004-இல் கூகுள் விண்ணப்பித்து 2010-இல் பெற்ற ஒரு காப்புரிமை, சுட்டி இருக்கும் இடம், எழுத்தின் அளவு, அதைச் சுற்றியுள்ள சொற்கள் போன்றவற்றை வைத்து, அது அழுத்தப்படும் வாய்ப்பை மதிப்பிடும் முறையை விவரிக்கிறது. கட்டுரையின் நடுவே, பேச்சோடு பேச்சாக வரும் சுட்டி ஒரு ரகம். அடியில் பொடி எழுத்தில் முப்பது தளங்களோடு வரிசையில் நிற்கும் சுட்டி வேறு ரகம். காப்புரிமையில் இருப்பதெல்லாம் நடைமுறையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் வாசகர் அழுத்த மாட்டார் என்று உங்களுக்கே தோன்றும் சுட்டிக்குத் தேடுபொறி மட்டும் ஏன் மரியாதை தர வேண்டும்?

ஆங்கர் டெக்ஸ்ட் என்கிறார்களே, அது என்ன?

சுட்டியாக அழுத்தக் கிடைக்கும் சொற்கள். படம் சுட்டியாக இருந்தால் அதன் மாற்று உரை, அதாவது படத்தை விவரித்து நிரலில் எழுதிவைக்கும் சொற்கள், அந்த வேலையைச் செய்யும். சுட்டப்படும் பக்கம் எதைப் பற்றியது என்பதை அந்தப் பக்கத்தைவிட அதைச் சுட்டுபவர் சில நேரம் தெளிவாகச் சொல்லிவிடுவார் என்பதால், அந்தச் சொற்களையும் தேடுபொறி சுட்டப்படும் பக்கத்தின் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

இதன் வலிமையை உலகமே பார்த்தது 2003-இல். ‘படுதோல்வி’ என்று பொருள்படும் ‘மிசரபிள் ஃபெயிலியர்’ என்ற தொடரைக் கூகுளில் தேடினால் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்பு முதலில் வந்தது. அந்தப் பக்கத்தில் அச்சொற்களே இல்லை. பலர் பேசிவைத்துக்கொண்டு அந்தச் சொற்களில் சுட்டி கொடுத்ததுதான் காரணம். கூகுள் வெடிகுண்டு என்று பெயர் பெற்ற இந்த விளையாட்டை அடக்கும் மாற்றத்தை 2007 ஜனவரியில்தான் கூகுள் கொண்டுவந்தது.

இன்று இதில் கவனிக்க வேண்டியது இயல்பு. ஐம்பது பேர் தாங்களாக எழுதினால் ஐம்பது விதமாகத்தான் எழுதுவார்கள்: ஒருவர் தளத்தின் பெயரை, ஒருவர் கட்டுரைத் தலைப்பை, ஒருவர் வெறும் ‘இங்கே’ என்று. ஐம்பது பேரும் விற்பனைக்கு ஏற்ற ஒரே தொடரை எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தால், எழுதிக் கொடுத்தவர் ஒருவர் என்று அர்த்தம்.

நோஃபாலோ இணைப்பால் பயன் உண்டா?

பின்னூட்டப் பெட்டிகளில் சுட்டிகளைக் கொட்டிக்கொண்டிருந்தவர்களைத் தடுக்க 2005 ஜனவரியில் கூகுள், யாகூ, எம்எஸ்என் மூன்றும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட அடையாளம் நோஃபாலோ. ‘இந்தச் சுட்டி இங்கே இருக்கிறது, ஆனால் இதற்கு நான் பொறுப்பல்ல’ என்று தளம் சொல்வதுபோல. 2019 செப்டம்பரில் கூகுள் மேலும் இரண்டு அடையாளங்களைச் சேர்த்தது: காசு வாங்கிக் கொடுத்ததற்கு ஸ்பான்சர்டு, பயனர்கள் எழுதியதற்கு யுஜிசி. அதோடு, இவை மூன்றையும் கட்டளையாக அல்லாமல் ஒரு குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்வோம் என்றும் அறிவித்தது.

தரவரிசைக்கு நேரடிப் பயனை இதிலிருந்து எதிர்பார்க்காதீர்கள். ஆனால் பல்லாயிரம் பேர் படிக்கும் இடத்தில் ஒரு நோஃபாலோ சுட்டி இருந்தால் அதைப் பார்த்து வருகிறவர்கள் மனிதர்கள். அவர்களில் இரண்டு பேர் தங்கள் தளத்தில் உங்களைப் பற்றி எழுதலாம். ஒரு நல்ல சுட்டி கிடைத்தும் ‘ஐயோ, நோஃபாலோவா’ என்று வருத்தப்படுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது வீண் வருத்தம்.

நான் பிற தளங்களுக்கு இணைப்பு கொடுத்தால் என் வலு ஒழுகிவிடுமா?

இந்த பயத்தில் வெளிச்சுட்டியே இல்லாமல் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வாசகருக்குத் தேவையான இடத்தில் கொடுங்கள். வெளிச்சுட்டிகளுக்கு நோஃபாலோ போட்டு வலுவைத் தேக்கிவைக்கலாம் என்ற உத்தியும் ஒரு காலத்தில் ஓடியது. அந்தப் பங்கு மற்றச் சுட்டிகளுக்குத் திரும்பாது, காணாமல்தான் போகும் என்று 2009-இல் கூகுளின் மேட் கட்ஸ் விளக்கிய பிறகு அந்த உத்திக்குப் பொருளில்லாமல் போனது.

இதற்கு நேர்மாறாகவும் கேட்பார்கள்: பெரிய தளங்களைச் சுட்டினால் என் மதிப்பு ஏறுமா? பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பது இங்கே பலிக்காது. பூ உங்களைச் சுட்ட வேண்டும், நீங்கள் பூவைச் சுட்டினால் போதாது.

இணைப்புகளை விலைக்கு வாங்கலாமா?

விளம்பரமாக வாங்குங்கள், ஸ்பான்சர்டு என்று அடையாளம் போடச் சொல்லுங்கள், அதில் தவறேதும் இல்லை. தரவரிசையை ஏற்றுவதற்காக வாங்கி அதை மறைத்தால் அது கூகுளின் விதிகளுக்கு எதிரானது. ‘நீ என்னைச் சுட்டு, நான் உன்னைச் சுட்டுகிறேன்’ என்று அளவுக்கு மீறிச் செய்யும் பரிமாற்றமும், ஒரே ஆள் பத்து இருபது பினாமி தளங்கள் வைத்துக்கொண்டு தனக்குத் தானே சாட்சி சொல்லிக்கொள்வதும் இதே கணக்கில்தான் வரும்.

மாட்டிக்கொண்டவர்களில் பெயர்பெற்றது அமெரிக்கக் கடைச் சங்கிலியான ஜே.சி. பென்னி. உடை, படுக்கை விரிப்பு, பயணப்பெட்டி என்று எதைத் தேடினாலும் அந்தத் தளம் உச்சியில் நின்றது. காரணம், துளியும் தொடர்பில்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்குச் சுட்டிகள் பதிக்கப்பட்டிருந்தன. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் இதை வெளியிட்டது. கூகுள் கைமுறையாகத் தண்டித்தது. சில நாட்களிலேயே பல தேடல்களில் அந்தத் தளம் பல பக்கங்கள் பின்னுக்குப் போய்விட்டது.

அதற்கு அடுத்த ஆண்டு, 2012 ஏப்ரலில், இப்படிப்பட்ட சுட்டிகளைக் குறிவைத்து, கூகுளின் தரவரிசை முறையில் பெங்குயின் என்ற மாற்றம் வந்தது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதத்தை அது பாதிக்கும் என்று கூகுளே சொன்னது. எண்ணைக் கேட்டால் சிறிதாகத் தெரியும். ஒரே இரவில் வருகையாளர்களை இழந்தவர்களுக்கு அது சிறிதாக இருக்கவில்லை. அதைவிடக் கொடுமை, தவறைத் திருத்திய பிறகும் அடுத்த பெங்குயின் ஓடும்வரை, சில நேரம் ஓராண்டுக்கு மேல், காத்திருக்க வேண்டியிருந்தது. 2016 செப்டம்பரில்தான் அது உடனுக்குடன் இயங்கும் முறையானது. தண்டிப்பதற்குப் பதில் அத்தகைய சுட்டிகளின் மதிப்பை அழித்துவிடும் போக்கும் அப்போதுதான் வந்தது. 2022 டிசம்பர் முதல் ஸ்பேம்பிரெயின் என்ற செயற்கை நுண்ணறிவு முறை, சுட்டிகளை வாங்கும் தளங்களையும் விற்பதற்கென்றே இருக்கும் தளங்களையும் கண்டுபிடிக்கிறது.

ஆக, இன்று வாங்கப்படும் பெரும்பாலான சுட்டிகளுக்குக் கிடைக்கும் பலன் தண்டனைகூட அல்ல, வெறும் சூனியம். வாங்கியவருக்கு அது தெரியவும் தெரியாது. எண்ணிக்கை ஏறிய அறிக்கையைப் பார்த்துத் திருப்தியாக இருப்பார். ஒரு காலத்தில் நானும் அப்படி ஓர் அறிக்கையைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

போட்டியாளர் என் தளத்துக்கு வேண்டுமென்றே குப்பை இணைப்புகளை அனுப்பினால்?

பெரும்பாலும் தேடுபொறி அவற்றைத் தானே புறக்கணித்துவிடும். எந்தத் தளத்துக்கும் ஓரளவு குப்பை வந்துகொண்டேதான் இருக்கும். ‘இந்தச் சுட்டிகளை என் கணக்கில் சேர்க்காதே’ என்று சொல்ல 2012 அக்டோபரில் கூகுள் ஒரு கருவியைக் கொடுத்தது, பெயர் டிஸ்அவோ. கைமுறைத் தண்டனை வந்திருந்தாலோ, நீங்களே முன்பு வாங்கிக் குவித்திருந்து தண்டனை வரும் என்று அஞ்சினாலோ மட்டும் அதைத் தொடுங்கள். ஒரு கருவி சிவப்பில் காட்டியது என்பதற்காகப் பட்டியல் போட்டு நல்ல சுட்டிகளையும் சேர்த்து வெட்டிக்கொண்டவர்கள் நிறைய.

என் தளத்தின் டொமைன் அத்தாரிட்டி 20 தான். அதை ஏற்றினால் தரவரிசை ஏறுமா?

அந்த எண், ஒரு தளத்தின் வலுவை 100-க்கு இத்தனை என்று சொல்லும், மோஸ் என்ற நிறுவனத்தின் மதிப்பீடு. இதேபோன்ற டொமைன் ரேட்டிங் ஏரெஃப்ஸ் நிறுவனத்துடையது. கூகுள் இவற்றை எடுத்துக்கொள்வதில்லை. கூகுளே 2000-இல், உலாவியில் சேர்த்துக்கொள்ளும் தன் டூல்பாரில் பேஜ்ரேங்கை 10-க்கு இத்தனை என்று காட்டத் தொடங்கியது. அந்த எண்ணை வைத்தே சுட்டிச் சந்தை முளைத்தது. 2016-இல் அதைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுத்துவிட்டார்கள். காலியான நாற்காலியில் இந்த எண்கள் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு தளங்களைத் தோராயமாக ஒப்பிட உதவும், அவ்வளவே.

உள் இணைப்புகளுக்கும் மதிப்பு உண்டா?

உண்டு. மற்றதெல்லாம் அடுத்தவர் மனம் வைத்தால் நடப்பது. இது ஒன்றுதான் முழுக்க உங்கள் கையில் இருப்பது. இதைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை.

வெளியிலிருந்து வரும் சுட்டிகளில் பெரும்பகுதி வழக்கமாக முகப்புப் பக்கத்திலும் ஓரிரு பிரபலமான கட்டுரைகளிலும்தான் வந்து விழும். அங்கே சேரும் வலு உள்ளே பரவ வேண்டுமானால் வாய்க்கால் வெட்ட வேண்டும். மூன்று வருடம் முன் எழுதிய நல்ல கட்டுரை, ‘பழைய பதிவுகள்’ பட்டியலின் நாற்பதாவது பக்கத்தில் கிடந்தால், அதை நீங்களே முக்கியமாக நினைக்கவில்லை என்று தேடுபொறி புரிந்துகொள்வதில் தவறில்லை. எந்த உள் சுட்டியும் இல்லாத பக்கங்களை அநாதைப் பக்கங்கள் என்பார்கள். தளவரைபடக் கோப்பில், அதாவது தேடுபொறிக்காகத் தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பில், அவற்றின் முகவரியைச் சேர்த்தால் கிராலர் கண்டுபிடிக்கும், ஆனால் தரவரிசைக்கு அது ஈடாகாது.

நான் செய்யும் முறை சாதாரணமானது. புதிதாக ஒரு பக்கம் எழுதி முடித்ததும், அதே பொருளைத் தொடும் பழைய பக்கங்களைத் தேடிப் பிடித்து, பொருத்தமான வாக்கியத்தில் புதிய பக்கத்துக்குச் சுட்டி வைப்பேன். புதியதிலிருந்து பழையதற்குச் சுட்டி கொடுப்பது எல்லோருக்கும் தானாக வரும். பழையதைத் திறந்து திருத்தத்தான் சோம்பல். சுட்டிச் சொற்களாக ‘மேலும் படிக்க’ என்று போடாமல், அந்தப் பக்கம் எதைப் பற்றியதோ அதை எழுதுங்கள். உங்கள் தளத்துக்குள் ஒரே சொற்களைத் திரும்பப் பயன்படுத்தினால் யாரும் சந்தேகப்படப் போவதில்லை.

ஒரு தொழில்நுட்பக் குறிப்பு: பொத்தானை அழுத்தினால் ஜாவாஸ்கிரிப்ட் வழியாக வேறு பக்கம் திறக்கும்படி செய்திருந்தால் மனிதருக்கு அது சுட்டி, கிராலருக்கு அல்ல. எச்ரெஃப் முகவரி உள்ள முறையான சுட்டியை மட்டுமே கூகுள் நம்பகமாகப் பின்தொடரும்.

தளத்தின் முகவரியை மாற்றினால் பழைய இணைப்புகள் வீணாகுமா?

ஒவ்வொரு பழைய பக்கத்திலிருந்தும் அதற்கு நிகரான புதிய பக்கத்துக்கு 301 திசைமாற்றம், அதாவது பழைய முகவரிக்கு வருகிறவரைத் தானாகப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் ஏற்பாடு, வைத்தால் வீணாகாது. திசைமாற்றத்தில் பேஜ்ரேங்க் குறைவதில்லை என்று 2016-இல் கூகுள் தெளிவாக்கிவிட்டது. குறைந்தது ஓராண்டாவது அதை வைத்திருங்கள், முடிந்தால் எடுக்கவே எடுக்காதீர்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடுவது சோம்பேறிகளின் வழி. அப்படிச் செய்தால் பக்கம் இல்லாததாகவே கூகுள் எடுத்துக்கொள்ளக்கூடும்.

காலாவதியான பழைய டொமைனை (தளத்தின் முகவரிப் பெயரை) வாங்கி அதன் இணைப்புகளைப் பயன்படுத்தலாமா?

பழைய தளத்தின் நற்பெயரில் ஒன்றுக்கும் உதவாத பக்கங்களை ஏற்றுவதை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் வெளிப்படையாகவே சேர்த்துவிட்டது.

இன்னும் இணைப்புகளுக்கு மதிப்பு இருக்கிறதா? செத்துவிட்டது என்கிறார்களே?

2016-இல் கூகுளின் ஆண்ட்ரே லிபாட்செவ், உள்ளடக்கமும் இணைப்பும்தான் முதல் இரண்டு காரணிகள் என்றார். 2023-இல் அதே நிறுவனத்தின் கேரி இலியஸ், இணைப்புகள் முதல் மூன்றில் இல்லை, வெகுகாலமாகவே இல்லை என்றார். சொற்களின் பொருளைப் புரிந்துகொள்ளும் திறன் வளர வளர, சாட்சியை நம்பியிருக்கும் தேவை குறைகிறது. அந்தப் போக்கு உண்மை.

ஆனால் முழுவதும் கைவிட்டுப் பார்த்தவர்கள் கதையையும் கேளுங்கள். ரஷ்யாவின் யாண்டெக்ஸ், மாஸ்கோ வட்டாரத்தில் சில வணிகத் தேடல்களுக்கு இணைப்புகளைக் கணக்கிலேயே எடுக்க மாட்டோம் என்று 2013 இறுதியில் அறிவித்து 2014-இல் செய்தும் காட்டியது. அப்படியும் சுட்டி வாங்குவது நிற்கவில்லை. 2015-இல் மினுசின்ஸ்க் என்ற முறையால், வாங்குபவர்களைத் தண்டிக்கத் தொடங்கி, இணைப்புகளை மீண்டும் கணக்கில் கொண்டுவந்தது.

என் பார்வையில், ஒரே கேள்விக்கு நன்றாகவே பதில் சொல்லும் இருபது பக்கங்கள் இருக்கும்போது இணைப்புகள் பேசும். பதில் சொல்லும் பக்கமே ஒன்றிரண்டுதான் என்றால் ஒரு சுட்டிகூட இல்லாமல் முதலில் வரலாம். உங்கள் துறை எந்த ரகம் என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் கவலைப்படுங்கள்.

யார் எனக்கு இணைப்பு தருகிறார்கள் என்று எங்கே பார்ப்பது?

தளச் சொந்தக்காரர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் ‘இணைப்புகள்’ என்ற பகுதி இருக்கிறது. இலவசம். முழுப் பட்டியல் அல்ல, மாதிரிதான், ஆனால் போதும். எந்தத் தளங்கள் என்பதைவிட உங்களுடைய எந்தப் பக்கங்கள் அதிகம் சுட்டப்படுகின்றன என்ற பட்டியலை முதலில் பாருங்கள். அதில் உள்ள முகவரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். நீங்கள் எப்போதோ அழித்துவிட்ட பக்கம் ஒன்று அதில் இருந்து, ‘404’ (பக்கம் இல்லை) என்று காட்டினால், வேறெதையும் செய்வதற்கு முன் அதைச் சரியான பக்கத்துக்குத் திசைமாற்றிவிடுங்கள்.